சென்னையில் நாட்டியமும் நாடகமும் பார்க்க எந்த அரங்கம், எந்த இருக்கை? ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய சபாவின் பால்கனியில், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பதத்துக்கு, அதாவது மெதுவான காதல் பாட்டுக்கு, முகபாவத்தால் செய்யும் அபிநயம் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே தப்பு. பச்சைப் பட்டும் சிவப்புக் கரையும் மேடையில் மெல்ல நகர்ந்தன, அவ்வளவுதான். முடிந்து வெளியே வந்தால், கீழே நான்காவது வரிசையில் இருந்த என் சித்திக்குக் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு கடைசியில சிரிச்சாளே, அது சிரிப்பு இல்லடா, அழுகை" என்றார். எனக்கு அந்தப் பெண் சிரித்ததே தெரியவில்லை.

அன்றிலிருந்து நிகழ்ச்சி நோட்டீஸைக் கையில் எடுத்தால், ஆடுபவர் பெயருக்கு அடுத்து என் கண் போவது அரங்கத்தின் பெயருக்குத்தான். சென்னையில் எங்கே என்ன நடக்கிறது என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். எதை எந்த அரங்கத்தில், எவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பத்து வருடம் இங்கேயே இருந்தும் சபா வாசலை மிதிக்காதவர்களுக்கும் எழுதுகிறேன்.

படி 1: முகமா, காலா, கூட்டமா, குரலா?

டிக்கெட் வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதம், ஜாவளி (இதுவும் காதல் பாட்டுதான், வேகம் கூட) என்று அபிநயம் நிறைந்த நிகழ்ச்சி என்றால் நீங்கள் பார்க்கப் போவது ஒரு முகத்தை. புருவம் எப்போது ஏறுகிறது, கண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு சின்ன அரங்கம் வேண்டும். இருநூறு, முந்நூறு பேர் உட்காரும் இடம் போதும்.

தாளச் சொற்கட்டுகளான ஜதிகளும் வேகமான கடைசி ஆட்டமான தில்லானாவும் துள்ளும் நிருத்தம், அதாவது கதையில்லாத தூய ஆட்டம் என்றால் கால் தெரிய வேண்டும். பத்து இருபது பேர் ஆடும் நாட்டிய நாடகம் என்றால் மொத்த மேடையும் ஒரே பார்வையில் விழ வேண்டும். இரண்டுக்கும் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்காருவது நல்லது. மேடை நாடகம் என்றால் முதலில் காது. வசனம் கேட்காத நகைச்சுவை நாடகத்தைப் போல ஒரு தண்டனை கிடையாது. பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்த்து நாமும் சிரித்து வைக்க வேண்டியிருக்கும். தெருக்கூத்துக்கு அரங்கமே வேண்டாம். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

படி 2: எந்த மாதம்?

எல்லோரும் "மார்கழியில் வா" என்பார்கள். நான் புதியவர்களை மார்கழியில் வராதீர்கள் என்பேன். டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை ஒரே நாளில் ஊரெங்கும் ஏராளமான நிகழ்ச்சிகள். எதைப் பார்ப்பது என்ற குழப்பத்திலேயே பாதி சாயங்காலம் போய்விடும். நல்ல இருக்கைகள் சபா உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் போயிருக்கும். முதல் தடவை பார்ப்பவர் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஏதாவது ஒரு சனிக்கிழமை வரட்டும். அரங்கம் பாதி காலியாக இருக்கும், விரும்பிய இடத்தில் உட்காரலாம், ஆடுபவரும் நிதானமாக ஆடுவார்.

மற்றபடி வருடத்தின் போக்கு இதுதான். டிசம்பரில் பாட்டுக்கு முதலிடம். மியூசிக் அகாடமி போன்ற இடங்களில் புத்தாண்டுக்குப் பிறகுதான் நாட்டியம் முன்னுக்கு வரும். பொங்கலை ஒட்டி பூங்காக்களிலும் கடற்கரையிலும் சென்னை சங்கமம் நடக்கும். கரகம், ஒயில், பறை, கூத்து எல்லாம் இலவசம். 2007-ல் தொடங்கி, நடுவில் சில வருடம் நின்று, 2023-ல் அரசு விழாவாகத் திரும்பி வந்தது. ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா. சபா நாடகக் குழுக்கள் புது நாடகங்களை முதன்முதலாக அரங்கேற்றுவது பெரும்பாலும் அங்கேதான். ஆங்கில நாடகத்துக்கும் நவீன நாடகத்துக்கும் குறிப்பிட்ட பருவம் என்று ஒன்றும் இல்லை, வார இறுதி என்றால் எப்போதும் உண்டு.

படி 3: அரங்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிதான் நீளம். பேட்டை பேட்டையாகப் போகலாம்.

ஆழ்வார்பேட்டையும் மயிலாப்பூரும்

டி.டி.கே. சாலை முனையில் இருக்கும் மியூசிக் அகாடமியில் தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928-ல் அகாடமி பிறந்தது. நமக்கு முக்கியமான தேதி அதற்குப் பின்னால் வருகிறது. பரதநாட்டியத்தின் பழைய பெயரான சதிர் என்றாலே படித்தவர்கள் முகம் சுளித்த காலத்தில், 1931-ல், அகாடமி கல்யாணியின் மகள்கள் என்று அறியப்பட்ட சகோதரிகளை மேடையேற்றியது. இதற்குப் பின்னால் நின்றவர் வக்கீல் இ. கிருஷ்ண ஐயர். பெண் வேடமிட்டு தானே சதிர் ஆடிக் காட்டியவர் அவர். முதல் தடவை கூட்டம் சொற்பம். 1933-ல் அதே சகோதரிகள் மறுபடி ஆடியபோது அரங்கம் நிறைந்தது. நடுவில் 1932-ல் பத்திரிகைகளில் சதிரைப் பற்றி நடந்த காரசாரமான விவாதம் அதற்கு இலவச விளம்பரமாகிவிட்டது.

கோயில் மண்டபத்திலும் பெரிய மனிதர் வீட்டுக் கூடத்திலும் பத்தடி தூரத்தில் பார்த்துவந்த ஆட்டம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மேடைக்கு மாறியது இப்படித்தான். இப்போதிருக்கும் டி.டி.கே. அரங்கம் 1962-ல் திறக்கப்பட்டது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். பத்தடி தூரத்துக்காக உருவான ஒரு முகபாவத்தை நூறடி தூரத்தில் இருந்து பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு என் பால்கனி அனுபவமே சாட்சி. அது எந்த அரங்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனால் அகாடமியைத் தள்ளிவிட முடியாது. 2007 முதல் ஜனவரி மூன்றாம் தேதியை ஒட்டித் தொடங்கி ஒரு வாரம் நடக்கும் அதன் நாட்டிய விழாவில் ஆடுவதை ஒவ்வொரு கலைஞரும் பெருமையாக நினைக்கிறார். மேடை விசாலமானது. குழு நடனத்துக்கு ஊரில் உள்ள நல்ல மேடைகளில் ஒன்று. அதே வளாகத்தில் கஸ்தூரி ஸ்ரீனிவாசன் அரங்கம் என்று சின்னதாக ஒன்று உண்டு. சின்ன நிகழ்ச்சிகளும் பேச்சுகளும் அங்கே நடக்கும். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அதே சாலையில் கொஞ்சம் தெற்கே போனால் நாரத கான சபா. 1958-ல் தொடங்கியது. சத்குரு ஞானானந்தா ஹால் பெரியது. நாட்டிய நாடகம், பெரிய நாடகம் எல்லாம் அங்கே. பக்கத்திலேயே மினி ஹால். இந்த சபாவின் நாட்டியப் பிரிவுக்கு நாட்டியரங்கம் என்று பெயர். ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, பல கலைஞர்களைக் கொண்டு அதைச் சுற்றியே விழா நடத்துவது இவர்களின் பழக்கம். அலாரிப்பில் தொடங்கி தில்லானாவில் முடியும் வழக்கமான மார்க்கத்தைப் பத்து தடவை பார்த்து அலுத்தவர்களுக்கு நல்ல மாற்று.

மயிலாப்பூருக்குள் போனால் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். பல நிகழ்ச்சிகள் இலவசம், கபாலீசுவரர் கோயில் பக்கத்திலேயே. கோயிலுக்கு வந்தவர்கள் கையில் குங்குமப் பொட்டலத்தோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்தக் கூட்டம் எனக்குப் பிடிக்கும். இலவசம் என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். வளர்ந்துவரும் இளம் கலைஞர்களை முதலில் பார்க்க இதைவிட நல்ல இடம் குறைவு.

சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, 1929 முதல். ஆர்.ஆர். சபா என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இதன் கதை நாட்டியத்தைவிட நாடகத்தோடு அதிகம் பின்னியது. அறுபது, எழுபதுகளில் சபா உறுப்பினர்களுக்கு மாதாமாதம் நாடகம் போட்டாக வேண்டும். அதை நம்பியே எத்தனையோ அமெச்சூர் குழுக்கள் வளர்ந்தன. ஆபீஸ் முடிந்து ஒத்திகை, ஞாயிறு நாடகம். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ் 1952-லேயே தொடங்கிவிட்டது. பாலசந்தர், சோ, அப்புறம் கிரேசி மோகன் எல்லோரும் இந்த சபா மேடைகள் வழியாகத்தான் திரைக்குப் போனார்கள். டி.வி. வந்ததும் உறுப்பினர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆனாலும் சபா நாடகம் செத்துவிடவில்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் போய்ப் பாருங்கள். பார்வையாளர்களின் சராசரி வயதை நீங்கள் ஒருவரே குறைத்துவிடுவீர்கள்.

தி. நகர்

மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா. நாட்டியத்தை வெறுமனே பார்க்காமல் புரிந்துகொள்ளவும் ஆசைப்படுபவர்களுக்கு ஊரிலேயே முக்கியமான இடம் இது என்பேன். காரணம் 1981 முதல் டிசம்பர் காலைகளில் நடக்கும் நாட்டிய கலா மாநாடு. மேடையில் கலைஞர்கள் ஆடிக்காட்டி, ஏன் இப்படி ஆடுகிறோம் என்று விளக்குவார்கள், கீழே இருப்பவர்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். சில வருடம் சண்டையே நடந்துவிடும் போல இருக்கும். சாயங்கால நிகழ்ச்சியைவிட அந்தக் காலை நேரம்தான் எனக்குச் சுவாரசியம்.

ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால். தியாக பிரம்ம கான சபாவின் வீடு. நாற்பதுகளில் இதை உருவாக்கியதில் நடிகர் சித்தூர் வி. நாகையாவுக்குப் பெரிய பங்கு. நாடகம் பார்க்கிறவர்களுக்கு இது பழகிய இடம். பெரிய அரங்கம் ஒன்று, ஓபுல் ரெட்டி பெயரில் சின்னது ஒன்று. டிக்கெட்டில் எந்த அரங்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை தப்பான அரங்கத்தில் போய் உட்கார்ந்து, கால் மணி நேரம் கழித்துத்தான் நாடகத்துக்குப் பதில் யாருடைய அரங்கேற்றமோ நடக்கிறது என்று உறைத்தது. எழுந்து வர மனமில்லை, முழுக்கப் பார்த்தேன். சாப்பாடும் போட்டார்கள்.

திருவான்மியூரும் பெசன்ட் நகரும்

நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ராவுக்கு தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ருக்மிணி தேவி 1935-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் வைர விழாவில் பொதுமேடையில் ஆடினார். மறு வருடமே இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அறுபதுகளில் அடையாறிலிருந்து திருவான்மியூர் மணலுக்கு இடம் மாறியது. அங்கே இருக்கும் பரத கலாக்ஷேத்ரா அரங்கம் கேரளக் கோயில்களின் கூத்தம்பலத்தை மனதில் வைத்துக் கட்டியது. சரிந்த கூரை, சதுரமான அமைப்பு. சபா ஹால்களில் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு உள்ளே நுழைந்ததும் வேறு ஏதோ ஒன்று தெரியும். மேடைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் பிரிவு குறைகிறது.

இங்கே பார்க்க வேண்டியது நாட்டிய நாடகங்கள். 1944-ல் குற்றாலக் குறவஞ்சியில் ஆரம்பித்து, 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக ராமாயணத்தை ருக்மிணி தேவி மேடையில் அமைத்தார். இன்றும் வருடாந்திர கலை விழாவில் அவற்றில் சில வரும். உடையின் நிறங்களை மட்டும் பாருங்கள். பளபளப்பு கிடையாது, கண்ணை உறுத்தாது. ஒரு விஷயம்: வளாகத்துக்குள் நிறைய நடக்க வேண்டும், மரங்கள் அடர்த்தி, கொசுவும் அப்படியே. முழுக்கை சட்டை உதவும்.

அங்கிருந்து எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் வந்தால் ஸ்பேசஸ். நடன அமைப்பாளர் சந்திரலேகா வாழ்ந்து வேலை செய்த இடம். பரதத்தையும் கேரளத்துச் சண்டைக் கலையான களரியையும் யோகாவையும் சேர்த்து, தெய்வக் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, உடம்பையே விஷயமாக்கியவர் அவர். 1985-ல் வந்த அவருடைய அங்கிகா என்ற படைப்பைப் பற்றி இன்றும் ஆதரித்தும் எதிர்த்தும் பேசுகிறார்கள். 2006-ல் அவர் மறைந்த பிறகும் இங்கே நடனம், நாடகம், கூட்டங்கள் தொடர்கின்றன. குஷன் வைத்த சீட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரம், திண்ணை, கடல் காற்று, இவ்வளவுதான். எனக்கு சென்னையில் மிகப் பிடித்த இடம் இது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

பக்கத்திலேயே ஊரூர் ஆல்காட் குப்பம். 2015 முதல் சில வருடம் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவ மக்களோடு சேர்ந்து அங்கே விழா எடுத்தார்கள். சபாவுக்கு வராத கலையும், சபாவுக்கு வராத மனிதர்களும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எழும்பூர், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு

நாடகம் மட்டும் பார்ப்பேன் என்பவர் இங்கிருந்தே தொடங்கலாம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் மியூசியம் தியேட்டர் இருக்கிறது. பாந்தியன் சாலை என்று நாம் சொல்வதே அந்த இடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு முடிவில் இருந்த பாந்தியன் என்ற கட்டடத்தின் பெயரால் வந்தது. வெள்ளைக்காரர்கள் கூடி நடனமாடி நாடகம் போட்ட இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இப்போதைய தியேட்டர் வந்தது. இருக்கைகள் அரைவட்டமாக, படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும். மறைக்கத் தூண் எதுவும் இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் நடிகர் முகம் தெரியும், நல்ல குரல் இருந்தால் மைக் இல்லாமலேயே கேட்கும். நூறு வருடத்துக்கு முன் கட்டியவர்களுக்குத் தெரிந்தது, இப்போது ஹால் கட்டுகிற பலருக்குத் தெரியவில்லை. 1955-ல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் போன்ற ஆங்கில நாடகக் குழுக்கள் இந்த மேடையை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ். எடுவார் மிஷலின் அரங்கம் சின்னது, வசதியானது. தமிழ் நவீன நாடகம், சமகால நடனம், வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் இங்கே வரும். சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்துக்குள் சர் முத்தா வெங்கடசுப்பராவ் அரங்கம். பெரியது, ஆங்கில இசை நாடகங்களும் வெளியூர்க் குழுக்களும் வந்தால் பெரும்பாலும் இங்கே இறங்குவார்கள். டிக்கெட் விலையும் அதற்கேற்ப.

பாரிமுனை, சேப்பாக்கம், அண்ணா சாலை

பெரிய அரங்கங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேனாம்பேட்டை காமராஜர் அரங்கம் மிகப் பெரியது, பிரபலங்கள் நடிக்கும் நாடகத்துக்குப் பொருத்தம், அபிநயத்துக்குக் கொஞ்சமும் இல்லை. வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம். 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய இடம், பின்னால் பாலர் அரங்கம் ஆனது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிய புது அரங்கம் 2016-ல் திறந்தது. கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்கார இடம் வேண்டும் என்று சட்டமன்றம் மறுபடி இங்கேயே வந்து கூடியது வேடிக்கை.

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழில் பாட வேண்டும் என்ற இயக்கம் 1943-ல் பெற்றெடுத்த தமிழ் இசைச் சங்கத்தின் இடம். 1975-ல் அந்தச் சங்கத்தின் மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, பரதநாட்டிய மார்க்கத்தை ஒரு கோயிலாக விவரித்தார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் சந்நிதி. பதங்களுக்கு வரும்போது கர்ப்பகிருகத்தின் குளுமையும் அமைதியும். தில்லானாவில் கற்பூர ஆரத்தி. இதைப் படித்த பிறகு, வர்ணம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இவ்வளவு தூரம் வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புகிறார்களே!

சென்ட்ரல் பக்கம் போனால் ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கட்டடக் கலைஞர் சிஷம் வடிவமைத்து ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி கட்டியது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபா நாடகம் போட்ட இடம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி கூட நடித்திருக்கிறார். கூத்தாடி என்று ஏளனமாகச் சொல்லப்பட்ட தொழிலுக்கு ஒரு மரியாதை வந்தது அந்த மேடையில். அதே காலத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த தொழில்முறைக் குழுக்கள் கொட்டகைகளில் விடிய விடியப் பாடி நடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கொட்டகைகளுக்கு ஹால் கட்டித் தர யாரும் வரவில்லை.

கூத்துப்பட்டறையும் தெருவும்

1977-ல் எழுத்தாளர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, விருகம்பாக்கம் பக்கம் ஒரு வீட்டையே அரங்கமாக்கி வேலை செய்தது. பசுபதி, கலைராணி போன்ற நடிகர்கள் இங்கே தயாரானவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். முத்துசாமி தெருக்கூத்தைத் தமிழின் உண்மையான நாடக வடிவமாகப் பார்த்தார். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தின் கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற கூத்துக் கலைஞர்களை நகரத்து நடிகர்கள் அறிந்துகொண்டதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கூத்தை அரங்கத்தில் பார்க்கலாம், ஆனால் ஒரு மணி நேரமாகக் கத்தரித்த கூத்து அது. நிஜமாகப் பார்க்க வேண்டுமென்றால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா சமயத்தில் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கக் கிராமத்துக்குப் போங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூத்தைத் தொடங்கி நடத்தும் கட்டியங்காரன் வருவான், விடியும்போது முடியும். பாய் ஒன்றும் போர்வை ஒன்றும் எடுத்துப் போங்கள்.

படி 4: விவரமும் டிக்கெட்டும்

செய்தித்தாளில் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதி இன்றும் உதவும். மயிலாப்பூர் நிகழ்ச்சிகளுக்கு மயிலாப்பூர் டைம்ஸ், நாட்டியத்துக்கு நர்த்தகி இணையதளம். கூடவே பிடித்த நாலு கலைஞர்களையும் இரண்டு நாடகக் குழுக்களையும் இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள். பல நல்ல நிகழ்ச்சிகள் மூன்று நாள் முன்னால்தான் வெளியே தெரியும்.

நாடகம் என்றால் புக்மைஷோ போன்ற தளங்களில் முன்பதிவு செய்துவிடலாம். நாட்டியத்துக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. சீசனுக்கு வெளியே பாதி நிகழ்ச்சிகள் இலவசம், மீதியில் வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். "அனுமதி இலவசம், அனைவரும் வருக" என்று போட்டிருந்தால் தயங்காமல் போங்கள், யாரும் யார் நீங்கள் என்று கேட்க மாட்டார்கள். சீசனில் அகாடமி போன்ற இடங்களில் அன்றன்றைய டிக்கெட்டுக்குக் காலையிலேயே வரிசை நிற்கும். அந்த வரிசையில் கிடைக்கும் வம்புக்கே காசு கொடுக்கலாம்.

படி 5: போய்ச் சேர்வது

மயிலாப்பூர் அரங்கங்களுக்கு பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம். கலாக்ஷேத்ராவுக்குத் திருவான்மியூர் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. மியூசியம் தியேட்டருக்கு எழும்பூர் மெட்ரோ, கலைவாணர் அரங்கத்துக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ, அண்ணாமலை மன்றத்துக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோ. மயிலாப்பூரையும் ஆழ்வார்பேட்டையையும் புது மெட்ரோ தடத்துக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து எந்த நாள் எந்தச் சாலை ஒருவழி என்று சொல்வதற்கில்லை. அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், காரை வீட்டிலேயே வையுங்கள். சபா வளாகங்களில் கார் நிறுத்த இடம் கொஞ்சம்தான். அப்படியே கிடைத்தாலும் பின்னால் நிற்பவர் தில்லானா வரை பார்க்கிற ரசிகராக இருந்தால் நீங்களும் பார்த்தே ஆக வேண்டும்.

படி 6: எந்த இருக்கை?

மேடை உயரமான ஹாலில் முதல் இரண்டு வரிசை வேண்டாம். கழுத்து வலிக்கும், பாதம் தெரியாது. ஐந்திலிருந்து பத்தாவது வரிசை, நடுப்பகுதி. ஓரத்தில்தான் இடம் என்றால் பாட்டுக்காரர்களும் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்பவரும் உட்கார்ந்திருக்கும் பக்கத்தைத் தவிருங்கள். மைக் ஸ்டாண்டும் ஆட்களும் மறைப்பார்கள், அதோடு ஸ்பீக்கர் காதிலேயே அடிக்கும். எதிர்ப் பக்கத்தில் நடராஜர் சிலையும் குத்துவிளக்கும் மட்டும்தான், அவை தொந்தரவு செய்யாது. நாட்டிய நாடகத்துக்கு பால்கனி முன் வரிசை அருமை. கோலம் போல மேடையின் அமைப்பு முழுவதும் தெரியும். பதத்துக்கு பால்கனி கூடாது என்பதை இன்னொரு தடவை சொல்லத் தேவையில்லை.

நம்பர் போடாத ஹாலில் கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கைகளைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் கேண்டீனில் இருப்பார்கள். சண்டை போடாதீர்கள், ஜெயிக்க முடியாது.

படி 7: உள்ளே உட்கார்ந்த பிறகு

போனை அணைத்துவிடுங்கள். அதிரும் நிலையில் வைத்தாலும் மர இருக்கையில் அது மிருதங்கத்தோடு போட்டி போடும். படம் எடுக்கத் தடை இருந்தால் எடுக்காதீர்கள். தடை இல்லாவிட்டாலும் பின்னால் இருப்பவருக்கு உங்கள் திரைதான் தெரியும். கைதட்டல் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு ஜதியை முடிக்கும் தீர்மானம் என்ற தாள அடி விழும்போது தட்டலாம், உருப்படி, அதாவது ஒரு பாட்டுக்கான ஆட்டம், முடிந்ததும் தட்டலாம். அபிநயம் நடுவில் மட்டும் தட்டாதீர்கள். கதை புரியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். பெரும்பாலும் ஒவ்வொரு உருப்படிக்கு முன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்.

நடுவில் பொன்னாடைப் படலம் ஒன்று வரும். சிறப்பு விருந்தினர் இரண்டே நிமிடம் என்று தொடங்கி இருபது நிமிடம் பேசுவார். அந்த நேரத்தில் வெளியே போய் வருவது மரியாதைக் குறைவு ஆகாது என்பது சபா உலகில் எழுதப்படாத சட்டம்.

படி 8: கேண்டீன்

சீசனில் பெரிய சபாக்களின் கேண்டீனுக்கு என்றே தனிக் கூட்டம் வரும். டிக்கெட் இல்லாமலும் சாப்பிடலாம். சமையல்காரர் வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால் போன வருடக் கீர்த்தியை நம்பாதீர்கள். இந்த வருடம் எங்கே நன்றாக இருக்கிறது என்று பக்கத்து இருக்கை மாமியைக் கேளுங்கள், விலாவாரியாகச் சொல்வார். வாழைப்பூ வடை சூடாக வரும் நேரம், நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன். சீசன் இல்லாத நாட்களில் கேண்டீன் இருக்கும் என்று நம்பிப் பட்டினியோடு போக வேண்டாம்.

படி 9: முதல் வார இறுதிக்கு ஒரு திட்டம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரதிய வித்யா பவனில் ஏதாவது ஓர் இளம் கலைஞரின் நாட்டியம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஆறாவது வரிசை நடுவில். சனிக்கிழமை மியூசியம் தியேட்டரிலோ அலியான்ஸிலோ ஒரு நாடகம், எந்த மொழியானாலும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு வாணி மகாலில் சபா நாடகம். மூன்றும் பார்த்தபின் எது உங்களுக்கானது என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் அதை மட்டும் தேடிப் போங்கள்.

கலாக்ஷேத்ராவையும் ஸ்பேசஸையும் இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகாடமியை ஜனவரிக்கு. யாராவது பால்கனி டிக்கெட் சும்மா கொடுத்தால், அன்றைக்கு என்ன ஆடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.